வாடகைத் தாய்க்கான மனநலப் பரிசோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. அக்காவுக்காக வாடகைத் தாயாக இருக்கச் சம்மதித்திருக்கிறேன். 2021 வாடகைத் தாய் சட்டப்படி வயது 25 முதல் 35க்குள், திருமணமாகிச் சொந்தக் குழந்தையும் இருக்க வேண்டும். அதெல்லாம் சரி. உடலும் மனமும் தகுதியாக இருப்பதாக மருத்துவர் சான்றிதழும் வேண்டுமாம், அங்கேதான் குழப்பம்.

சின்னவன் பிறந்த பிறகு எனக்கு மனச்சோர்வு வந்து சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். மறைக்கும் எண்ணமில்லை; ஆனால் சொன்னால் உடனே வேண்டாம் என்றுவிடுவார்களா? கேள்வித்தாள் தருவார்களா, உட்கார வைத்துப் பேசுவார்களா? கணவரையும் விசாரிப்பார்களா? என்னைத் தனியாகப் பேச விடுவார்களா? (அக்கா முன்னால் பயத்தைச் சொல்ல வாய் வராது.)

மதுரைப் பக்கம் பொறுமையாகக் கேட்கும் மனநல மருத்துவர் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், "எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்க வருபவர்களுக்கு: மருத்துவச் செலவு, 36 மாதக் காப்பீடு போன்றவை தவிரப் பணம் வாங்கச் சட்டத்திலேயே இடமில்லை.