புதிய டோஃபல்: கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பகுதிக்கு உதவி தேவை

2026 ஜனவரி 21இல் மாறிய டோஃபல் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இடம் மட்டக்களப்பு கல்லடி, பரீட்சை அடுத்த மாதக் கடைசியில். பேச்சுப் பகுதிதான் காலை வாருகிறது.

பழைய நான்கு கேள்விகள் போய், இப்போது ஏழு வசனங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம் நேர்காணல் மாதிரி நான்கு கேள்விகள், யோசிக்க நேரமே இல்லை, ஒவ்வொன்றுக்கும் 45 வினாடி. நேர்காணலைச் சமாளிப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். முதலில் வரும் குட்டி வசனங்களும் சரி. வசனம் நீள நீளத்தான் தொடக்கமும் முடிவும் நிற்க, நடுவில் வரும் 'ஃப்ரம் த', 'நெக்ஸ்ட் டு' எல்லாம் பறந்துவிடுகின்றன.

பரீட்சையை நடத்தும் ஈடிஎஸ் தளத்தின் இலவச மாதிரிப் பரீட்சை செய்தாயிற்று. பிபிசி செய்தியை நிறுத்தி நிறுத்திக் கூடவே சொல்லி, ஃபோனில் பதிந்தும் கேட்டேன், அதில் முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் மாதிரிப் பரீட்சைக்கு வந்தால் அதே இடத்தில்தான் உடைகிறது. இங்கே நான் போன வகுப்பில் இன்னும் பழைய பதில் டெம்ப்ளேட்டையே பாடமாக்கச் சொல்கிறார்கள், இதற்கு அது ஒரு சதத்துக்கும் உதவாது. கையில் இருக்கும் புத்தகங்களும் 120 புள்ளிக் காலத்தவை, இப்போது 1 முதல் 6 வரை.

புதிய வடிவத்தில் எழுதியவர்கள், அந்தக் கடைசி நீள வசனங்களைத் தவறாமல் சொல்ல எப்படிப் பழகினீர்கள்?