பக்கக் கண்ணாடியில் ஒட்டும் சின்ன வட்டக் கண்ணாடி: உங்கள் அனுபவம் என்ன?

மூன்று வாரங்களுக்கு முன்பு நடந்தது. லேன் மாற இண்டிகேட்டர் போட்டேன். நடுக் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் பார்த்தேன், யாரும் இல்லை. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பியதும் என் பின்கதவை ஒட்டி ஹாரன் சத்தம். ஒரு பைக், அதில் பின்னால் ஒரு குழந்தை. உடனே பழைய லேனுக்கே வந்துவிட்டேன், அவரும் தப்பித்துப் போய்விட்டார். எனக்குக் கை நடுக்கம் நிற்கவே வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் என்னைவிட மணிக்கு 10 கி.மீ. வேகமாக வந்திருந்தால், என் காரைத் தாண்ட நொடிக்கு 3 மீட்டர்கூட முன்னேறியிருக்க மாட்டார். கண்ணாடியில் தெரியாத இடம் ஐந்தாறு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், முழுதாக இரண்டு நொடி அவர் அதற்குள் இருந்திருப்பார். நான் பார்த்தது சரியாக அந்த இரண்டு நொடியில்தான். இருவரும் ஒரே வேகத்தில் போயிருந்தால் அவர் எனக்குத் தெரியவே மாட்டார். சீறிக்கொண்டு வருபவரைவிட, நம் கூடவே வருபவர்தான் அதிகம் மறைகிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாளே இரண்டு வட்டக் கண்ணாடி வாங்கினேன். 5 செ.மீ. அகலம், திருப்பி வைத்துக்கொள்ளும் வகை. முதலில் கீழ் மூலையில், காரை ஒட்டிய பக்கம் ஒட்டினேன். என் கதவுதான் தெரிந்தது. கோணத்தை மாற்றி மாற்றி வைத்தும் மனசுக்குச் சரியாகப் படவில்லை. பிறகு கழற்றி மேலே, வெளிப்பக்க மூலைக்கு மாற்றினேன். பெரிய கண்ணாடியில் அந்த மூலையில் தெரிவது பெரும்பாலும் வானமும் மரமும்தான், மறைந்தாலும் நஷ்டமில்லை. இப்போது பின்கதவுக்குப் பக்கத்து ரோடு முழுக்கத் தெரிகிறது.

ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. என் பெரிய கண்ணாடிகளே இத்தனை வருஷம் தப்பாக இருந்திருக்கின்றன. கண்ணாடியில் கால்வாசி என் கார்தான். ஜார்ஜ் பிளாட்சர் என்பவர் 1995-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் சொன்ன முறை இது: தலையை ஓட்டுநர் பக்க ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கக் கண்ணாடியில் காரின் ஓரம் மட்டும் தெரியும் அளவுக்கு வெளியே திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு, காரின் நடுவில் தலையைக் கொண்டுவந்து அதேபோல் செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் கண்ணாடியில் தெரியாது. இரண்டு நாள் எதையோ தொலைத்த மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது முந்துகிற கார் நடுக் கண்ணாடியை விட்டுப் போகும்போதே பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடுகிறது, அங்கிருந்து நேராகக் கடைக்கண்ணுக்கு. நடுவில் பைக் நுழையும் அளவுக்கு மிஞ்சுகிற சந்துக்குத்தான் வட்டக் கண்ணாடி.

ஒரு குறையும் உண்டு. குவிந்த கண்ணாடி என்பதால் எல்லாம் சின்னதாக, தள்ளி இருப்பதுபோல் தெரியும். ஆள் இருக்கிறாரா என்று மட்டும்தான் அதில் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் என்பதற்குப் பெரிய கண்ணாடி, கடைசியாக ஒரு முறை தோளைத் திருப்பிப் பார்ப்பது. மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? மழையில், இரவில் உதவுகிறதா?

———

நான் பைக் ஓட்டுபவன். அந்த மறைவிடத்தில் தினமும் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நான் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். உடனே வேகத்தைக் கூட்டித் தாண்டிவிடுவேன், இல்லாவிட்டால் பின்வாங்குவேன். கூடவே போகவே மாட்டேன். வட்டக் கண்ணாடி ஒட்டிய காரைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதிதான், ஆனாலும் அதை நம்பிப் பக்கத்தில் நிற்பதில்லை. அவ்வளவு சின்னக் கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

———

லாரிக்கு இது போதாது நண்பரே. எங்களுக்குப் பெரிய ஆபத்து பின்னால் இல்லை, கிளீனர் பக்கத்து முன் சக்கரத்தை ஒட்டியும், கேபினுக்கு நேர் முன்னாலும்தான். சைக்கிள்காரர் ஒருவர் அங்கே நின்றால் சீட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு ரோடு காலியாகத்தான் தெரியும். ஐ.நா. வாகன விதி 46-இல் இந்த இடங்களுக்கென்றே தனித்தனிக் கண்ணாடி வகைகள் இருக்கின்றன: அகலமாகக் காட்ட ஒன்று, கதவுக்குக் கீழே பார்க்க ஒன்று, முன்புறத்துக்கு ஒன்று. நான் முன்புறக் கண்ணாடியைத் தனியாக வாங்கி மாட்டினேன். மாட்டிய முதல் வாரத்திலேயே, சிக்னலில் கிளம்பப் போகும்போது ஒரு பாட்டி பம்பரை ஒட்டிக் குறுக்கே நடப்பது அதில் தெரிந்தது. அது இல்லாவிட்டால் கிளட்சை விட்டிருப்பேன்.

———

பாட்டியைப் பற்றிப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்லவேளை மாட்டியிருந்தீர்கள்.

மழையைப் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்களே, என் அனுபவம் இது: இரண்டு துளி விழுந்தாலே வட்டக் கண்ணாடி கிட்டத்தட்ட போச்சு. இரவில் ஹெட்லைட் ஒரு புள்ளியாகத் தெரியும், ஆள் இருப்பது புரியும், தூரம் மட்டும் சுத்தமாகப் பிடிபடாது. அந்த நேரங்களில் நான் லேன் மாறுவதையே குறைத்துக்கொள்கிறேன்.

ஒட்டுவது பற்றியும் ஒன்று. எனக்கு முதல் கண்ணாடி நான்கே நாளில் எங்கேயோ விழுந்துவிட்டது. தூசியைத் துணியால் மட்டும் துடைத்துவிட்டு ஒட்டியிருந்தேன். இரண்டாவது முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டியபின் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொண்டேன். ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் அசையவில்லை.