எதிர்ப்பு அணு குறைகிறதா, வழி அடைபடுகிறதா? துண்டறிக்கையின் முதல் வரி பற்றி

லயத்துத் தாதி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மண்டபத்தில் பெண்களுக்குக் கொடுக்கப்போகும் துண்டறிக்கையின் முதல் வரி: "எதிர்ப்புச் சக்தி குறைந்தால் கருப்பை வாய்ப் புற்று வரும்." இதை எடுக்கச் சொல்கிறார்கள். ஏன் எடுக்க வேண்டும்? இந்தப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் தொற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் கிருமி தானாகப் போய்விடுகிறது. விரட்டுவது எதிர்ப்பு அணுக்கள்தானே? எச்ஐவி உள்ள பெண்ணுக்கு இந்தப் புற்று வரும் அபாயம் 6 மடங்கு. வரி சரியாகத்தான் இருக்கிறது.

மெழுகுக்கட்டி:
அக்கா, பாதி சரி. அந்தப் பாதிதான் ஆளைக் கெடுக்கும். சின் 3, அதாவது புற்றுக்கு முந்திய கடைசிப் படி, அந்தப் படியில் எடுத்த திசுத் துண்டுக்கு (பயாப்சி) சிடி8 சாயம் ஏற்றிப் பாருங்கள். கிருமி புகுந்த அணுவைக் கொல்லும் டி அணுவைக் காட்டும் சாயம் அது. மேலடுக்கையும் கீழ்த்திசுவையும் பிரிக்கும் அடித்தளச் சவ்வுக்குக் கீழே பழுப்புப் புள்ளிகள் எறும்புச் சாரை போல வரிசை கட்டி நிற்கும், நல்ல திசுவில் இருப்பதைவிட அதிகமாக. ஆனால் சவ்வைத் தாண்டி, கிருமி குடியிருக்கும் மேலடுக்குக்குள் ஏறியவை கொஞ்சம்தான். தானாகச் சரியாகிப்போகும் மாற்றங்களில் அதே சிடி8 அணுக்கள் மேலடுக்குக்குள்ளேயே புகுந்திருக்கும். எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. நோய் முற்ற முற்ற, எதிர்ப்பை அடக்கும் ஃபாக்ஸ்பி3 டி அணுக்களும் சிடி163 மேக்ரோஃபேஜ்களும் (விழுங்கும் அணுக்களில் ஒரு வகை) வேறு கூடுகின்றன. "குறைகிறது" என்று எழுதிவிட்டால் இவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

லயத்துத் தாதி:
லாங்கர்ஹான்ஸ் அணு குறைவது பொய்யா?

மெழுகுக்கட்டி:
பொய்யில்லை. மேலடுக்கில் கிளை விரித்து நின்று, அந்நியன் வந்தால் நிணநீர் முடிச்சுக்குச் சேதி கொண்டுபோகும் காவல் அணு அது. ஈ-கேடெரின் என்ற ஒட்டுப் புரதத்தைப் பிடித்துத்தான் அங்கே தங்குகிறது. எச்பிவி 16 என்ற வகையின் ஈ6, ஈ7 புரதங்கள் அந்த ஒட்டுப் புரதத்தைக் குறைத்துவிடுகின்றன. பிடிமானம் போனால் காவலும் போகும். கிருமியோ இரத்தத்தில் கலப்பதில்லை, அணுவை வெடிக்கவும் வைப்பதில்லை. உதிரும் அணுவோடு சத்தமில்லாமல் வெளியேறுகிறது. உடம்பு பலவீனப்பட்டதால் வந்த குறைவல்ல இது, கிருமி அந்த இடத்தில் மட்டும் உண்டாக்கிய குறைவு. அந்தப் பெண்ணின் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள், வெள்ளணு எண்ணிக்கை வழக்கம்போலத்தான் இருக்கும்.

நாற்பது எக்ஸ்:
இருவரும் எண்ணிக்கையைப் பேசுகிறீர்கள், எண்ணிய விதத்தைப் பேசவில்லை. "ஒரு பார்வைப் புலத்தில் இத்தனை" என்று எழுதுவது ஏமாற்றும். 40 மடங்கு லென்சில், கண் வைத்துப் பார்க்கும் வில்லையின் புல எண் (தெரியும் வட்டத்தின் அளவு) 18 என்றால் பரப்பு 0.16 சதுர மில்லிமீட்டர். 22 என்றால் 0.24. அதே ஸ்லைடு, ஒன்றரை மடங்கு வித்தியாசம்! சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்றுதான் எழுத வேண்டும்.

மெழுகுக்கட்டி நம்பியிருக்கும் "எங்கே" என்பதும் எளிதில் கெடும். துண்டு சாய்வாக மெழுகில் பதிந்தால், 4 மைக்ரான் வெட்டில் கீழ்த்திசு மேலடுக்குக்குள் தீவுத் தீவாகத் தெரியும். அந்தத் தீவில் கிடக்கும் சிடி8 அணுவை "உள்ளே ஏறியது" என்று எண்ணிவிடுவார்கள். சவ்வு செங்குத்தாக வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் எண்ணுங்கள். மின்கம்பி வளையத்தால் எடுத்த துண்டென்றால் கருகிய ஓரத்தை விட்டுவிடுங்கள். 10 விழுக்காட்டு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைவாக ஊறிய துண்டில் நடுப்பகுதி சாயம் வெளுத்திருக்கும். அணு இருந்தும் இல்லாததுபோல் காட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் டி அணு நிறைந்த டான்சில் துண்டு ஒன்றைக் கூடவே ஏற்றினால் சாயத்தின் தவறு உடனே பிடிபடும். சாதாரண கருப்பை வாய் அழற்சியிலும் லிம்போசைட் (டி அணு உள்ளிட்ட வெள்ளணு) குவியும், அதைப் புற்றின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மெழுகுக்கட்டி:
சாய்வு வெட்டு விஷயம் ஏற்கிறேன். அதனால் சவ்வுக்குக் கீழே நிற்கும் சாரை மறைந்துவிடாது. மேலே போனவையும் சும்மா இருக்க விடப்படுவதில்லை: கெட்டுப்போன அணுக்கள், டி அணு இனங்கண்டுகொள்ளும் எச்எல்ஏ அடையாளத்தை மறைக்கின்றன, பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி டி அணுவைப் பூட்டி அடக்குகின்றன. முற்றிய நோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து கொடுப்பது அந்தப் பூட்டைத் திறக்கத்தான். டி அணுவே இல்லையென்றால் அந்த மருந்துக்கு வேலை ஏது?

லயத்துத் தாதி:
செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கிவிட்டு வரும் பெண்ணிடம் பிடி-எல்1 பேச முடியுமா? ஒற்றை வரி வேண்டும்.

மெழுகுக்கட்டி:
அந்த ஒற்றை வரிதான் அவளைச் சக்தி மாவு டின் வாங்க அனுப்பும். "நான் தெம்பாக இருக்கிறேன், எனக்கு எதற்குச் சோதனை" என்பாள். சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட சின் 3இல் ஏறத்தாழ 30 விழுக்காடு, 30 ஆண்டுக்குள் புற்றானதாக நியூசிலாந்தில் கண்டார்கள். பள்ளித் தடுப்பூசி இங்கே 2010இல் 13 வயதுப் பெண்களுக்குத் தொடங்கியது. 1997க்கு முன் பிறந்த தாய்மாருக்கு அது கிடைத்திருக்காது. இப்படி எழுதுங்கள்: "உடம்பு தெம்பாக இருந்தாலும் எச்பிவி கருப்பை வாயில் ஒளிந்திருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் எச்பிவி சோதனை செய்துகொள்ளுங்கள். மாதிரியை நீங்களே எடுக்கலாம்."

லயத்துத் தாதி:
"தெம்பாக இருந்தாலும்" என்பது நல்ல சொல், முதல் வரியை மாற்றுகிறேன். சிகரெட்டும் லாங்கர்ஹான்ஸ் அணுவைக் குறைக்கும் என்பதால் அதையும் சேர்க்கிறேன். ஆனால் எச்ஐவி உள்ளவர்களுக்கும் சிறுநீரக மாற்று மருந்து எடுப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைவுதான். அவர்கள் அடிக்கடி சோதிக்க வேண்டும் என்ற வரியை எடுக்க மாட்டேன்.