ஆறு வருஷமாக நோட்டில் கிடக்கும் நாவல்: திட்டம் போட்டு எழுதுவதா, எழுதிப் பார்ப்பதா?

களியக்காவிளைக்காரன்:
ஆறு வருஷமாக ஒரு கருவைச் சுமந்துகொண்டு அலைகிறேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளாவில், அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் பாட்டி வீடு இந்தப் பக்கம், பாட்டியின் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பாறசாலை அந்தப் பக்கம். ஒரு குடும்பத்தின் நடுவில் எல்லை விழுந்த கதை. 42 அத்தியாயத்துக்குத் தலைப்புகூட எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் உட்கார்ந்தால் முதல் பக்கம் தாண்டவில்லை. முழுத் திட்டமும் முடித்துவிட்டுத் தொடங்குவதா, இல்லை போகிற போக்கில் எழுதுவதா? நாவல் எழுதி முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஷீட்டுப்புரை:
தம்பி, அந்த 42 தலைப்பையும் முதலில் கிழித்துப் போடு. நான் ரப்பர் வெட்டுகிறவன், குலசேகரம் பக்கம். விடியக்காலையில் வெட்டி முடித்தால் பால் வடிந்து தீர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியதுதான் எனக்க நாவல். தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற ஒருத்தனைப் பற்றி 140 பக்கம் போனது. 90ஆம் பக்கத்திலோ என்னமோ அவன் பெண்டாட்டி வந்தாள், சிரட்டையில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிய்த்து முந்தானையில் முடிந்து, முதலாளிக்குத் தெரியாமல் கடையில் போட்டு மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கிறாள். அவளை நான் யோசித்து வைக்கவே இல்லை. அவள் வந்த பிறகு அவனைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. 140 பக்கத்தையும் போட்டுவிட்டு அவளிலிருந்து தொடங்கினேன். திட்டம் போட்டிருந்தால் அவள் கிடைத்திருக்க மாட்டாள்.

தக்கலை_டீச்சர்:
அண்ணன், அந்த 140 பக்கத்துக்கு எத்தனை மாசம் ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

ஷீட்டுப்புரை:
எட்டு மாசம் டீச்சர். மழை நாளில் வெட்டு கிடையாது, அதனால் கொஞ்சம் கூட.

தக்கலை_டீச்சர்:
அதைத்தான் கேட்டேன். கூலிக்காரனுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது யார் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யோசித்திருந்தால் அவன் ஒன்றுமே ஆசைப்படாதவன் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும், அவள் ஆசைப்படுகிறவள் என்பதும் தெரிந்திருக்கும். எட்டு மாசம் மிச்சம். எல்லாருக்கும் மரத்தடியில் உட்கார நேரம் கிடையாது, எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்திய நேரம் போக ராத்திரி ஒரு மணி நேரம்தான். பிளான் இல்லாமல் அதில் ஒன்றும் நடக்காது.

தம்பிக்கு ஒரு வார்த்தை: அத்தியாயத் தலைப்பு பிளான் ஆகாது. அது கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்காமல் சாப்பாட்டு ஐட்டம் எழுதி வைப்பது மாதிரி.

ஷீட்டுப்புரை:
டீச்சர், ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி 1866இல் ‘சூதாடி’ நாவலை 26 நாளில் சொல்லச் சொல்ல ஒரு பெண் சுருக்கெழுத்தில் எடுத்தாள். பதிப்பாளரோடு போட்ட கெடு தலைக்கு மேல் நின்றது, பிளான் போட எங்கே நேரம்?

தக்கலை_டீச்சர்:
எல்லாரும் இந்த 26 நாள் கதையைத்தான் சொல்கிறார்கள். 1863இலேயே ரோமிலிருந்து நண்பர் ஸ்திராகவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கதையை விவரமாகச் சொல்லியிருக்கிறார், வெளிநாட்டில் சுற்றுகிற ரஷ்யன், அவனுடைய தெம்பு முழுக்கச் சூதாட்ட மேசையில் போவது எல்லாம். அது போக, அந்த மேசையில் தானே பணத்தைத் தொலைத்தவர். மூன்று வருஷம் உள்ளே கிடந்தது 26 நாளில் வெளியே வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேர் ‘மேடம் பொவாரி’ என்ற ஒரே நாவலுக்கு 1851 முதல் 1856 வரை எடுத்துக்கொண்டார், காட்சிக் குறிப்பு எழுதி எழுதித் திருத்தியவர். அவரை ஏன் யாரும் உதாரணம் காட்டுவதில்லை?

ஷீட்டுப்புரை:
கடிதம் சங்கதி எனக்குத் தெரியாது, சரி, அந்தப் பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் ஃப்ளாபேருக்குச் சொத்து இருந்தது டீச்சர், எனக்கு ரப்பர் விலைதான் இருக்கிறது.

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:
நடுவில் என் பிழைப்பையும் கேளுங்கள். பிளானும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு குழி இருக்கிறது, அதன் பெயர் ஆராய்ச்சி. எங்கள் ஊர் வழியாகப் புனலூர் போகும் மலைப் பாதையை வைத்து நாவல் எழுத நினைத்தேன். 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது, கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம், மீட்டர் கேஜ் போய் 2018இல் அகலப் பாதை முழுசாகத் திறந்தது, எல்லாம் விரல் நுனியில். நாலு வருஷம், இரண்டு பீரோ நிறையப் பேப்பர். ஒருநாள் வீட்டம்மா கேட்டாள், ‘உங்க கதையிலே ரயில் ஏறுகிறவன் எதுக்குப் போறான்?’ பதில் இல்லை. இன்னும் இல்லை.

களியக்காவிளைக்காரன்:
அண்ணன் சொல்வது என்னைப் பற்றித்தான் போல. 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்கு மட்டும் ஆறு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன். அதை விட மனசில்லை.

ஷீட்டுப்புரை:
விட வேண்டாம். ஆனால் உன் பாட்டிக்கு அன்றைக்கு என்ன நடந்தது? அடுப்பில் என்ன இருந்தது? அதைச் சொல். துப்பாக்கிச் சூட்டைப் பேப்பரில் நாங்களே படித்துக்கொள்வோம்.

தக்கலை_டீச்சர்:
இதில் அண்ணனோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதி: தேதி தப்பினால் இந்த மாவட்டத்து வாசகன் விடமாட்டான். 1954இல் ‘கேரளா போலீஸ்’ என்று எழுதினால் போச்சு, அப்போது இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி, பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், அதற்கு முன்னால் சாமான் வாங்கினால் அணாக் கணக்கு. ஒரு சார்ட் பேப்பரில் வருஷம் இந்தப் பக்கம், பாட்டியின் வயசு அந்தப் பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டு. இதுவும் பிளான்தான்.

களியக்காவிளைக்காரன்:
அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டதும் ஒன்று ஞாபகம் வந்தது, நோட்டில் எங்கேயும் எழுதாதது. பாட்டி வீட்டில் ஒரு பெரிய வெண்கல உருளி, கல்யாணப் பாயசத்துக்கு ஊரே இரவல் வாங்கும். பாட்டியின் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பாறசாலை போனது, 1956க்குக் கொஞ்சம் முந்தி. திரும்பவில்லை. அது அம்மா எனக்குத் தந்தது என்று பாட்டி, இரண்டு பேருக்கும் பொது என்று தங்கச்சி. இரண்டு பேரும் சாகிற வரை பேசவில்லை. விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும், அதைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். போன வருஷம் பாறசாலையில் ஒரு சாவுக்குப் போனபோது உருளியைப் பார்த்தேன், முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், மேலே கோழி. எழுத்தைத் தடவிப் பார்த்தேன். மலையாளம். எனக்கு வாசிக்கத் தெரியாது. அங்கே யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:
ஆறு வருஷம் இதை விட்டுவிட்டா 42 தலைப்பு எழுதினாய் மக்கா?

தக்கலை_டீச்சர்:
தம்பி, ஒரு எச்சரிக்கை. உருளிதான் மாநிலம், விளிம்புதான் எல்லை என்று கிளம்பிவிடாதே. உருளி உருளியாகவே இருக்கட்டும். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. அந்த மரத்துக்கு அர்த்தம் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் விமர்சகர்கள்தான், நாவலில் அது நிழல் தருகிற, காய்க்கிற மரமாகத்தான் நிற்கிறது. அப்புறம், வெட்டியிருக்கும் பெயரை வாசிக்க ஒரு ஆளை அழைத்துப் போ. அது யார் பெயர் என்று தெரியாமல் எப்படிக் கதையை முடிப்பாய்?

ஷீட்டுப்புரை:
போகாதே. எழுதி முடிக்கிற வரை வாசிக்காதே. தெரிந்துவிட்டால் உனக்கும் பாட்டிக்கும் உள்ள வழக்கு தீர்ந்துபோகும், அப்புறம் எதற்கு எழுத?

தக்கலை_டீச்சர்:
இது சோம்பேறித்தனத்துக்குப் பட்டுச் சேலை கட்டுவது. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகனிடம் சொல்வதும் சொல்லாததும் அப்புறம். தெரியாமல் மறைப்பது வேறு, தெரிந்து மறைப்பது வேறு, வாசிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஷீட்டுப்புரை:
எனக்க கதையில் அந்தப் பெண்டாட்டி கடைசியில் மாட்டிக்கொள்வாளா என்று கடைசி அத்தியாயம் எழுதுகிற அன்றைக்குக்கூட எனக்குத் தெரியாது டீச்சர். வாசித்த நாலு பேரும் அந்த இடத்தில் பயந்துபோனோம் என்றார்கள். நானும் பயந்துதான் எழுதினேன்.

தக்கலை_டீச்சர்:
நாலு பேர்.

ஷீட்டுப்புரை:
நாலு பேர்தான் வாசித்தார்கள், என்ன செய்ய.

களியக்காவிளைக்காரன்:
இரண்டு பேரும் கோபப்படக்கூடாது. தலைப்புகளைக் கிழிக்கவில்லை, பெட்டியில் வைத்துவிட்டேன். டீச்சர் சொன்ன சார்ட் சுவரில் ஏறிவிட்டது. பாறசாலைக்கு இன்னும் போகவில்லை. நேற்று ராத்திரி நாலு பக்கம் வந்தது, ஆறு வருஷத்தில் முதல் தடவை. உருளியை இரவலுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருகிற இடத்தில் நிற்கிறது. அவ்வளவு பெரிய உருளியை எத்தனை பேர் தூக்குவார்கள்? பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தக்கலை_டீச்சர்:
பாயசத்தோடு என்றால் இரண்டு காதிலும் கம்பு கொடுத்து நாலு பேர். காலியாக என்றால் இரண்டு பேர் போதும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். உன்னுடையது காலியா?

களியக்காவிளைக்காரன்:
காலி. ஒருத்தர் பாட்டா, எங்கள் தாத்தா. அது தெரியும்.

ஷீட்டுப்புரை:
இன்னொரு ஆள் யாரு தம்பி?