காரணம் தெரியாத உயரக் குறைவு: பிள்ளைகளுக்கு டம்மி ஊசி போட்டு மருந்தைச் சோதிப்பது சரியா?

செந்தூல் மலர்:
என் மகனுக்கு 10 வயது. பள்ளியில் வரிசை நின்றால் எப்போதும் அவன்தான் முதல். இடது கை எக்ஸ்ரே, தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் பார்த்தாச்சு, எல்லாமே சரியாக இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மருந்து ஆய்வில் சேர்க்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத டம்மி ஊசிதான் போடுவார்கள் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டர்வொர்த் குணா:
மலர் அக்கா, டம்மி இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? பருவம் தள்ளி வரும் பையன் சில வருஷத்தில் தானாகவே வளர்ந்துவிடுவான். அதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
வளர்ச்சி ஹார்மோன் ஊசியை டம்மி ஊசியோடு ஒப்பிட்டு அப்படி ஒரு ஆய்வு அமெரிக்காவில் நடந்திருக்கிறது குணா. 9 முதல் 16 வயது வரை 68 பிள்ளைகள், வாரம் 3 ஊசி, சராசரியாக 4 வருஷத்துக்கு மேல். டம்மி பிரிவில் இருந்த பிள்ளைக்கு நூற்றுக்கணக்கான குத்தல், ஒரு துளி மருந்து கிடையாது. 2004-இல் வந்த முடிவில் இரு பிரிவுக்கும் இடையே கிடைத்த உயர வித்தியாசம் 3.7 செ.மீ., ஒரு தீப்பெட்டியின் அகலம். அதுவும் 33 பேருக்குத்தான் கடைசி உயரம் அளக்க முடிந்தது. நோயே இல்லாத பிள்ளையை இதற்காகவா குத்த வேண்டும்?

பட்டர்வொர்த் குணா:
டீச்சர், அந்த 3.7 நமக்குத் தெரிந்ததே டம்மி பிரிவு இருந்ததால்தான். இல்லையென்றால் ஆளாளுக்கு 10, 15 என்று ஆசை காட்டியிருப்பார்கள். லெட்ரோசோல் கதையைப் பாருங்கள். அது மார்பகப் புற்றுநோய் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு நுனியின் வளர்தட்டை மூட வைக்கிறது, அதைக் குறைத்தால் வளர இன்னும் காலம் கிடைக்கும் என்று பையன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் மாத்திரை எடுத்த 11 பேரில் 5 பேருக்கு முதுகெலும்பு லேசாக உருமாறியிருந்தது. டம்மி பிரிவில் ஒருவருக்கும் இல்லை. ஒப்பிட ஆள் இல்லாமல் இருந்திருந்தால், குட்டைப் பையன்களுக்கு முதுகு இப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
அந்த 5 பையன்களின் அம்மாக்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? கற்றுக்கொண்டது நாம், முதுகு அவர்களுடையது. 10 வயதுப் பிள்ளை டாக்டர் முன்னால் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜார்ஜ் டவுன் சாந்தி:
டம்மி மாத்திரை வேறு, டம்மி ஊசி வேறு. ஊசி மருந்தென்றால் ஒப்பிடும் பிரிவுக்கு எதுவும் போடாமல் சும்மா கவனித்து வரலாமே. யார் எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர் உயரத்தை அளந்தால் போதும். மலர், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் குணா:
மருந்து இல்லை என்று தெரிந்தால் பாதி வீட்டார் நின்றுவிடுவார்கள் அக்கா. மிச்சம் இருப்பவர்களை வைத்து வரும் கணக்கை எப்படி நம்புவது?

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
நிற்கட்டும். கணக்கு கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை.

பட்டர்வொர்த் குணா:
பிசகிய கணக்கை நம்பி நாளைக்கு ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போடுவார்களே டீச்சர், அது பரவாயில்லையா?

செந்தூல் மலர்:
சாந்தி அக்கா சொன்னதைக் கேட்கிறேன். டம்மி ஊசி என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு வகை என்றால், முதலில் மகனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன். குட்டையாக இருப்பது அவனுக்குக் கஷ்டமா என்று இதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை.