“அய்யம்பேட்டை இல்லம்” குடும்பக் குழு: யாழினியின் ஏழாண்டுப் படிப்பு

கண்ணன் (எடிசன்): அனைவருக்கும் வணக்கம். யாழினிக்கு நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியின் ஏழாண்டு இணைப்புப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் மூன்றாண்டுகள் இளநிலை அறிவியல், அடுத்த நான்காண்டுகள் அவர்களுடைய மருத்துவக் கல்லூரியிலேயே டி.ஓ. என்னும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். இங்கே நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வழக்கமான நான்காண்டு இளநிலைக்கும் அழைத்திருக்கிறார்கள். மே 1க்குள் ஒன்றுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

மாலதி (திருச்சி): கண் பட்டுவிடப் போகிறது, சுற்றிப் போடுங்கள். டி.ஓ. என்றால் நம் வித்யா படித்ததுதானே?

சேகர் (லண்டன்): வாழ்த்துகள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆஸ்டியோபாத் என்பவர் முதுகை நீவிச் சரிசெய்கிறவர். மருந்துச் சீட்டு எழுதும் உரிமைகூட அவருக்குக் கிடையாது. புத்தூர்க் கட்டுப் போடுவதற்கு ஏழாண்டு எதற்கு, கண்ணா?

முருகன் (திருச்சி): மச்சான், உங்கள் மகன் திருமணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் “வித்யா மசாஜ் படிக்கிறாள்” என்றீர்கள். ஆனால் உங்கள் முழங்கால் எக்ஸ்ரேயை நள்ளிரவில் அவளுக்குத்தான் அனுப்பினீர்கள்.

சேகர் (லண்டன்): மாப்பிள்ளை, அது வேறு, இது வேறு.

வித்யா (பிலடெல்பியா): பெரிய மாமா, நீங்கள் சொல்வது பிரிட்டனுக்கு முழுவதும் பொருந்தும். அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்டியோபாத்துகள் தனித் தொழிலினர், மருத்துவர்கள் அல்லர். அமெரிக்காவில் கதை வேறு திசையில் போயிற்று. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், தம் பிள்ளைகளை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து, 1892இல் மிசோரியின் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். அவர் ஒரு காலத்தில் தம்மை “மின்னல் எலும்புகட்டி” என்று விளம்பரப்படுத்திக்கொண்டதும் உண்மை என்பதால், உங்கள் புத்தூர்க் கேலியை நான் மன்னித்துவிடுகிறேன். பின்னர் அந்தக் கல்லூரிகள் மருந்தியலையும் அறுவை சிகிச்சையையும் முழுமையாகச் சேர்த்துக்கொண்டன. இன்று 50 மாநிலங்களிலும், இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கு உள்ள அதே உரிமம் டி.ஓ.வுக்கும் உண்டு. கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்கு ஏறக்குறைய 200 மணி நேரப் பயிற்சி கூடுதல், அவ்வளவுதான்.

முருகன் (திருச்சி): பைடனின் வெள்ளை மாளிகை மருத்துவர் கெவின் ஓகானரும் டி.ஓ.தான்.

தாத்தா: குழுவில் அனைவரும் முழு வாக்கியங்களில் எழுதுவது மகிழ்ச்சி. வித்யா, அவர்கள் எனக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதித் தரலாமா?

வித்யா (பிலடெல்பியா): அமெரிக்காவில் இருந்தால் தாராளமாக, தாத்தா. நான் நாள்தோறும் எழுதுகிறேன். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதை அம்மா தனியாக எனக்குச் சொல்லட்டும்.

மாலதி (திருச்சி): ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

சேகர் (லண்டன்): உரிமம் இருக்கட்டும். மேற்பயிற்சி இடம் கிடைக்குமா? எல்லாரும் எம்.டி.க்குத்தானே முதலிடம் கொடுப்பார்கள்?

வித்யா (பிலடெல்பியா): முன்பு ரெசிடென்சி எனப்படும் அந்த மேற்பயிற்சிக்கு இரண்டு தனி அமைப்புகள் இருந்தன. 2020இல் அவை ஒன்றாகிவிட்டன. டி.ஓ. இறுதியாண்டு மாணவரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இடம் பெறுகிறார்கள். ஆனால் தோல் மருத்துவம், நரம்பு அறுவை போன்ற துறைகளில் டி.ஓ.வுக்கு இன்னும் மேடு ஏறும் வேலைதான், அதை மறைக்க மாட்டேன். உரிமம் பெற எங்களுக்கு உரியது காம்லெக்ஸ் தேர்வு. போட்டி மிகுந்த துறைகளை விரும்புகிறவர்கள் எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள். இரட்டைப் படிப்பு, இரட்டைக் கட்டணம்.

யாழினி: நானும் இந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை நினைவூட்டுகிறேன். எனக்குக் குடும்ப மருத்துவம்தான் விருப்பம். என் தயக்கம் பட்டத்தைப் பற்றியதன்று, பெரியப்பா. பதினேழு வயதில் ஏழாண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதைப் பற்றியது.

வித்யா (பிலடெல்பியா): கேட்க வேண்டிய கேள்வி அதுதான், யாழினி. ஏழாண்டு இடம் என்பது உறுதியளிக்கப்பட்ட இடமன்று, நிபந்தனையோடு ஒதுக்கிவைக்கப்பட்ட இடம். மதிப்பெண் சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது போய்விடும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் விஷயத்தில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வழி. பென்சில்வேனியாவின் லேக் ஈரி கல்லூரி தன் முன்சேர்க்கைத் திட்டத்தில் எம்கேட் இல்லாமலே எடுத்துக்கொள்கிறது. வேறு சில திட்டங்கள் எம்கேட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கின்றன. சிலவற்றில் நீ வேறொரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலே ஒதுக்கிய இடம் ரத்தாகும். மூன்றாண்டில் இளநிலையை முடிக்கக் கோடை விடுமுறைகளிலும் வகுப்பு எடுக்க நேரலாம். சின்ன மாமா, சேர்க்கைக் கடிதத்தில் நிபந்தனைகள் உள்ள பக்கத்தை இங்கே அனுப்புங்கள். முகவர்கள் சொல்வதையும் கோவில் வாசலில் கேட்டதையும் நம்ப வேண்டாம்.

கண்ணன் (எடிசன்): கடிதத்தில் “கையேட்டைக் காண்க” என்றுதான் இருக்கிறது. கையேடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அதுவரை இரண்டு இடத்துக்கும் முன்பணம் கட்டிவைத்தால் என்ன?

வித்யா (பிலடெல்பியா): வேண்டாம், மாமா. இரட்டை முன்பணம் தெரியவந்தால் இரண்டு கல்லூரியுமே இடத்தைத் திரும்பப் பெறலாம். அவகாசம் கேட்டு எழுதுங்கள், அது முறையான வழி.

சேகர் (லண்டன்): செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வித்யா (பிலடெல்பியா): அதற்குத்தான் வருகிறேன். பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். நான் படித்தபோது முழுச் செலவுக்கும் அரசுக் கடன் கிடைத்தது. 2025இல் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான் அரசுக் கடன். மிச்சத்துக்குத் தனியார் வங்கியும், பிணையாளராகப் பெற்றோரின் கையெழுத்தும் தேவைப்படும். ஓராண்டு குறைவதால் இளநிலைச் செலவு மிச்சமாகும், ஓராண்டு முன்னதாகச் சம்பளமும் வரும். ஆனால் ரட்கர்ஸில் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து பின்னர் எம்.டி.க்கும், நியூ ஜெர்சியிலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள ரோவன் டி.ஓ. கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைக்கும் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

சேகர் (லண்டன்): அப்படியானால் அய்யம்பேட்டை மனையை விற்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முருகன் (திருச்சி): அதை விற்கவிடாமல் தடுத்தவர் நீங்கள்தானே, மச்சான்?

தாத்தா: மனையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். என் பேத்தியின் படிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

யாழினி: வித்யா அக்கா, திரும்பவும் படிக்க நேர்ந்தால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

வித்யா (பிலடெல்பியா): நான் நான்காண்டு இளநிலை முடித்து, எம்கேட் எழுதி, விண்ணப்பித்து வந்தவள். அந்த நான்காண்டில்தான் எனக்கு மருத்துவம்தான் வேண்டும் என்பது உறுதியாயிற்று. உனக்கு அந்த உறுதி இப்போதே இருந்தால், நிபந்தனைப் பக்கமும் தாங்கும்படி இருந்தால், ஏழாண்டை எடுத்துக்கொள். எம்கேட்டுக்குப் பயந்து மட்டும் எடுத்துக்கொள்ளாதே. இரண்டாமாண்டு காம்லெக்ஸ் அதைவிடக் கடினம்.

யாழினி: பயம் கொஞ்சம் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன்.

மாலதி (திருச்சி): கும்பகோணம் சித்தியிடம் இப்போது சொல்லலாமா, கூடாதா?

கண்ணன் (எடிசன்): கையேடு வரும்வரை சொல்ல வேண்டாம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காணொளியில் பேசுவோம்.

வித்யா (பிலடெல்பியா): ஞாயிறு எனக்கு இருபத்துநான்கு மணி நேரப் பணி. சனிக்கிழமை முடியுமா?

சேகர் (லண்டன்): சனிக்கிழமை எனக்கு இயலாது. கையேடு வந்தால் எனக்கும் அனுப்பு, கண்ணா. நான் படித்துப் பார்க்கிறேன்.

மாலதி (திருச்சி): சித்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.