செக் பவுன்ஸ்: ஆன்லைன் சேவை மூலம் வக்கீல் பிடிக்கலாமா? சேலத்தில் வேறு வழி உண்டா?

கொலுசுப்பட்டறை:
வணக்கம். அக்கா சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்து கொடுக்கிறார். ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் கொடுத்த ரூ.2,80,000 செக் 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்று திரும்பிவிட்டது. வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ (செக் ஏன் திரும்பியது என்ற சீட்டு) ஜூன் 4 அன்று கைக்கு வந்தது. தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. வக்கீல் ஏற்பாடு செய்து தரும் இணையதளம் ஒன்றில் நம்பர் கொடுத்தோம். ரூ.2,000 கட்டினால் வக்கீலைத் தருவார்களாம், இன்றே கட்டாவிட்டால் கேஸ் காலாவதியாகிவிடுமாம். வக்கீல் பெயரைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம். கட்டலாமா?

கோர்ட்_வராந்தா:
கட்ட வேண்டாம். காலக்கெடு இருப்பது உண்மை, ஆனால் அது இன்று இல்லை. மெமோ கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், உங்களுக்கு ஜூலை 4 வரை. இந்தக் கெடு தப்பினால் இந்த மெமோவை வைத்து 138 வழக்கு (செக் பவுன்ஸ் குற்றத்துக்கான சட்டப் பிரிவு) போட முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டும் மீட்க முடியாது.

பலருக்குத் தெரியாத விஷயம்: அந்த நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பணம் வர வேண்டியவரே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். செக் எண், தேதி, வங்கி, திரும்பிய காரணம், மெமோ கிடைத்த நாள் எழுதி, 'கிடைத்த 15 நாளுக்குள் ரூ.2,80,000 தர வேண்டும்' என்று கேட்க வேண்டும். தொகை செக்கில் உள்ளபடியே இருக்கட்டும். வட்டி, செலவு எல்லாம் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டு நோட்டீஸ் செல்லாமல் போன வழக்குகள் உண்டு. ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் டெலிவரி ஆன டிராக்கிங் அச்சையும் பத்திரமாக வையுங்கள்.

நோட்டீஸ் ஜூன் 20 அன்று கடைக்காரர் கையில் கிடைத்தால் ஜூலை 5 வரை அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால் ஆகஸ்ட் 5-க்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். நல்ல வக்கீலைத் தேட ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. பயமுறுத்திப் பணம் வாங்கும் இடத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை.

மனு_நகல்:
அக்காவுக்கு முறையான வழியே இருக்கிறது. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், இலவசமாக வக்கீல் தருவார்கள். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். ஆதார் நகல், செக் நகல் (இரண்டு பக்கமும்), மெமோ, நோட்டீஸ் நகல், கொலுசு கொடுத்ததற்கான பில் அல்லது டெலிவரி சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுதான் முக்கியம். கடனே இல்லை, செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக் என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் சொல்லும்.

அங்கே பேனல் வக்கீல்கள் பட்டியல் இருக்கும். குறிப்பிட்ட ஒருவர் வேண்டுமென்றால் மனுவிலேயே எழுதுங்கள், செயலாளர் பரிசீலிப்பார். நியமிக்கப்பட்டவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

ஒரே எச்சரிக்கை: மனு கொடுத்துவிட்டோம் என்று காத்திருந்தால் 30 நாள் நிற்காது. நோட்டீஸை முதலில் அனுப்பிவிடுங்கள்.

கோர்ட்_வராந்தா:
தனியார் வக்கீல்தான் என்றால், யார் பரிந்துரைத்தாலும் என்ரோல்மென்ட் எண்ணை (வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண்) கேளுங்கள். தமிழ்நாட்டில் எம்எஸ் என்று தொடங்கி எண்ணும் வருடமும் வரும். ஈகோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வழக்கு விவரத் தளத்தில் 'கேஸ் ஸ்டேட்டஸ்' போய், சேலம் கோர்ட் வளாகத்தைத் தேர்ந்து 'அட்வகேட்' பகுதியில் அந்த எண்ணையோ பெயரையோ போட்டால் அவருடைய வழக்குகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்து 'ஆக்ட்ஸ்' கட்டத்தைப் பாருங்கள். 'நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 138' (செக் பவுன்ஸ் வழக்கு) என்று எத்தனை வழக்கில் இருக்கிறது, அவற்றில் எத்தனை முடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கம் முழுக்க சொத்து வழக்காக இருந்தால் அவர் நல்ல வக்கீலாகவே இருக்கலாம், உங்கள் வேலைக்கு இல்லை.

அந்த இணையதளம் பெயரைச் சொல்லாமல் பணம் கேட்பது இந்தச் சோதனைக்கே இடமில்லாமல் செய்கிறது. பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. இப்படி வக்கீல் சேவையை விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

கொலுசுப்பட்டறை:
நன்றி. நோட்டீஸ் நாளைக்கே போய்விடும். இரண்டு சந்தேகம். கேஸ் ஈரோட்டில் போட வேண்டுமா? இன்னொருவர் 'ஃபீஸ் வேண்டாம், வந்ததில் 10 சதவீதம்' என்கிறார், சரியா?

மனு_நகல்:
சேலத்திலேயே போடலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, அக்காவின் கணக்கு உள்ள கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த கோர்ட்தான். அக்கா வேறு ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

சதவீதப் பேச்சு வேண்டாம். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. மொத்த ஃபீஸ், எத்தனை தவணை, குமாஸ்தா செலவு, டைப்பிங், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாக உண்டா என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வக்காலத்தில் (வக்கீல் உங்களுக்காக ஆஜராகக் கொடுக்கும் படிவம்) பெயரும் கோர்ட்டும் நிரப்பிய பிறகே கையெழுத்து. வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம்.

அசல் செக்கும் மெமோவும் அக்காவிடமே இருக்கட்டும், கோர்ட்டில் காட்டும் நாளில் கொண்டுபோனால் போதும். முன்பே கொடுக்க நேர்ந்தால் செக் எண்ணோடு ரசீது வாங்குங்கள். பிற்பாடு வக்கீலை மாற்ற வேண்டி வந்தாலும் ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டை அவர் பிடித்து வைக்க முடியாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது.